கிரெடிட் கார்டு பாயிண்டும் ஆகாய விமானத்தின் முன்வரிசை சீட்டும்

சென்ற மாதம் நமது கடைக்குச் சரக்கு எடுக்க வந்த மளிகைக்கடை நண்பர் ஒருவர், 72,000 ரூபாய் பில்லைக் கிரெடிட் கார்டில் தேய்த்துக்கொள்ளச் சொன்னார். கையில் பணம் இல்லையோ என்று நினைத்தோம். அப்படியும் இல்லை.

"பணம் அக்கவுண்டில் கிடக்கு அண்ணாச்சி. பாயிண்ட் சேர்க்கிறேன். அடுத்த வருஷம் லண்டனுக்கு மகனைப் பார்க்கப் போகணும். பாயிண்ட் இருந்தா பிசினஸ் கிளாஸிலே படுத்துக்கிட்டே வரலாம்னு அவன் சொல்றான்" என்றார்.

"அந்தப் பாயிண்டுக்கு யார் காசு கொடுக்கிறாங்க?" என்று கேட்டோம்.

"பேங்க் கொடுக்குது. வேற யாரு?"

நமது சங்க அங்கத்தினர்களில் பலரும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிரெடிட் கார்டுக்கு இயந்திரம் வைத்திருப்பவர்கள் மாதக் கடைசியில் வரும் கணக்கை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். கார்டுக்கும் ஒப்பந்தத்துக்கும் தக்கபடி இரண்டு சதவீதத்தையொட்டிப் பிடித்தம் இருக்கும். 72,000 ரூபாய்க்கு இரண்டு சதவீதம் என்றால் 1,440 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 1,699 ரூபாய் சொச்சம். வரியில்லாத பருப்பு மூட்டை விற்பவர் அந்த ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. மொத்த வியாபாரத்தில் ஒரு மூட்டைக்கு நமக்கு என்ன நிற்கிறது என்பது இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிடித்த தொகையில் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. மீதியை இயந்திரம் வைத்த வங்கியும் கார்டு கம்பெனியும் பிரித்துக்கொள்கின்றன. கார்டு கொடுத்த வங்கி தன் பங்கிலிருந்து கொஞ்சத்தை எடுத்து வாடிக்கையாளருக்குப் பாயிண்டாகத் தருகிறது. நண்பர் லண்டன் போகும் சீட்டில் ஒரு நூல் நம் கல்லாவிலிருந்து போனது.

டெபிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி முதல் உச்சவரம்பு வைத்தது. வருட விற்பனை 20 லட்சம் வரை உள்ள கடைக்கு 0.40 சதவீதம், அதற்கு மேல் 0.90 சதவீதம். 2020 ஜனவரி முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ.க்கும் கட்டணமே இல்லை. கிரெடிட் கார்டுக்கு மட்டும் அப்படி ஒரு வரம்பு கிடையாது. ஐரோப்பிய யூனியனில் 2015-இல் சட்டம் போட்டு, கடைக்காரரிடம் வாங்கும் தொகையில் கார்டு வங்கியின் பங்கு 0.3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே கார்டுகளின் பாயிண்டும் இளைத்துப் போயிற்று. காசு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இது மளிகைக்காரர்களுக்குப் புதிய சங்கதியும் அல்ல. அமெரிக்காவில் 1896-லேயே எஸ் அண்டு ஹெச் என்ற கம்பெனி பச்சை ஸ்டாம்பு அச்சடித்துக் கடைக்காரர்களுக்கு விற்றது. சாமான் வாங்குகிறவர்களுக்குக் கடைக்காரர் அந்த ஸ்டாம்பைக் கொடுப்பார். வீட்டுப் பெண்கள் அதைப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்து, கம்பெனியின் டெப்போவில் கொடுத்து விளக்கோ பாத்திரமோ வாங்கிக்கொள்வார்கள். ஸ்டாம்புக்குக் காசு கொடுத்தவர் கடைக்காரர், நல்ல பேர் வாங்கியது கம்பெனி. 1960-களில் கொடிகட்டிப் பறந்த அந்த வியாபாரம் அடுத்த பத்தாண்டில் படுத்துவிட்டது. 1981 மே முதல் தேதி அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பறந்த மைலுக்குக் கணக்கு வைத்து இலவச டிக்கெட் தரும் திட்டத்தைத் தொடங்கியது. 1987-இல் சிட்டி பேங்க்குடன் சேர்ந்து, பறக்காமலே கடையில் சாமான் வாங்கி மைல் சேர்க்கும் கார்டும் வந்தது. அன்று முதல் விமான கம்பெனிகள் மைலை அச்சடித்து வங்கிகளுக்கு விற்கின்றன. 2020-இல் கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தையே அடகு வைத்து 680 கோடி டாலர் கடன் திரட்டியது. பச்சை ஸ்டாம்புக்கு இவ்வளவு மதிப்பு!

பாயிண்ட் பைத்தியம் எதுவரை போகும் என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. 1999-இல் கலிபோர்னியாவில் டேவிட் பிலிப்ஸ் என்ற எஞ்சினீயர், ஒரு உணவு கம்பெனி தன் பாக்கெட் லேபிளுக்கு விமான மைல் கொடுப்பதைக் கவனித்தார். அந்தக் கம்பெனியின் சரக்கிலேயே மலிவானது 25 சென்ட் புட்டிங் கிண்ணம் என்று கண்டுபிடித்து, கடை கடையாகப் போய் 12,150 கிண்ணங்களை வாங்கினார். விசாரித்த கடைக்காரர்களிடம், 2000-ஆம் வருடம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும், அதற்காகச் சேமிக்கிறேன் என்றாராம். லேபிள் கிழிக்க ஆள் போதவில்லை. சால்வேஷன் ஆர்மி தர்ம ஸ்தாபனத்திடம் புட்டிங்கை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், லேபிளை மட்டும் எனக்குக் கொடுங்கள் என்று பேசி முடித்தார். ஏறக்குறைய 3,100 டாலர் செலவில் 12 லட்சத்து 50 ஆயிரம் மைல் கிடைத்தது. தர்மம் செய்ததற்கு 815 டாலர் வருமான வரிக் கழிவும் வாங்கினார். சரக்குக் கணக்குத் தெரிந்த மனிதர். நம்மில் ஒருவராகப் பிறந்திருக்க வேண்டியவர்.

இன்னொருவர் சீனாவின் லியூ யிச்சியன். ஒரு காலத்தில் டாக்சி ஓட்டியவர். 2015-இல் மோடிக்லியானியின் ஓவியம் ஒன்றை 17 கோடி டாலருக்கு மேல் ஏலம் எடுத்து, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டில் கட்டினார். பாயிண்ட் சேர்ந்தால் குடும்பத்தோடு விமானத்தில் போகலாம் என்பது காரணம்.

நாம் ஓவியம் வாங்கவில்லை. ஆனால் பாயிண்டில் முன்வரிசை சீட்டு எடுத்த அனுபவம் நமக்கும் உண்டு. கட்டணம் கொடுத்து நொந்த கை, வேறு வழியில் கொஞ்சம் திரும்பி வாங்கிக்கொண்டது. அமெரிக்காவில் மகளின் பிரசவத்துக்குப் போக வேண்டியிருந்தது. நம் வீட்டம்மாளுக்கு அதற்கு ஒரு வருடம் முன்பு இரண்டு மூட்டிலும் ஆபரேஷன் ஆகியிருந்தது. இருபது மணி நேரத்துக்கு மேல் காலை மடக்கி உட்கார முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிசினஸ் கிளாஸ் டிக்கெட் விலையைக் கேட்டதும், "நான் போகலை, நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்றார் அம்மாள். பிரசவத்துக்குத் தகப்பன் மட்டும் போய் என்ன செய்வது? அப்போதுதான் இரண்டு வருடமாகக் கார்டில் கேட்பாரற்றுக் கிடந்த பாயிண்டைத் தட்டிப் பார்த்தோம்.

முதலில் தெரிந்துகொண்டது, பாயிண்டுக்கு ஒரே விலை கிடையாது என்பது. வங்கியின் பரிசுப் பட்டியலில் 3,500 ரூபாய் மிக்சிக்கு 14,000 பாயிண்ட் கேட்டார்கள். பாயிண்ட் ஒன்றுக்குக் கால் ரூபாய். அதே பாயிண்டை விமான கம்பெனியின் மைலாக மாற்றி, நீண்ட தூர பிசினஸ் கிளாஸ் சீட்டுக்குக் கொடுத்தால் ஒரு ரூபாய்க்கு மேல் நிற்கிறது. சாதாரண வகுப்பு டிக்கெட்டுக்குக் கொடுத்தால் அவ்வளவு நிற்பதில்லை. மிக்சி வாங்குவது, முதல் ரகத் துவரம் பருப்பை மாட்டுத் தீவன விலைக்குத் தள்ளுவது போல.

சீட்டை உயர்த்த இரண்டு வழி. சாதாரண டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கி, மைல் கொடுத்து மேல் வகுப்புக்கு மாற்றுவது ஒன்று. இதில் ஒரு கொக்கி இருக்கிறது. மிக மலிவான டிக்கெட்டுகளை அநேகமாக மாற்றித் தரமாட்டார்கள். அதே சாதாரண வகுப்பிலேயே விலை கூடிய டிக்கெட் வாங்கியிருக்க வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் கடைசி நாள் வரை நிற்க வேண்டியும் வரலாம். இன்னொரு வழி, ஆரம்பத்திலேயே மேல் வகுப்பு சீட்டை முழுக்க மைலில் எடுப்பது. அப்போதும் விமான நிலைய வரிகளைக் காசாகக் கட்டவேண்டும். சில கம்பெனிகள் எரிபொருள் கட்டணம் என்று பெருந்தொகை சேர்க்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் விமானங்களில் மைலில் எடுக்கும் டிக்கெட்டுகளுக்கு அதை 2017-இல் எடுத்துவிட்டது. மைல் கொடுத்து எடுக்கும் சீட்டுகள் ஒரு விமானத்தில் இரண்டோ நாலோதான் விடுவார்கள். பதினோரு மாதம் முன்பே பார்க்கிறவருக்குக் கிடைக்கும். பள்ளிக்கூட லீவு மாதங்களிலும் டிசம்பரிலும் கிடைப்பது குதிரைக்கொம்பு. கூட்டுச் சேர்ந்த கம்பெனிகளில் ஒன்றின் மைலை இன்னொன்றின் டிக்கெட்டுக்குக் கொடுக்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது. 2014 முதல் ஏர் இந்தியா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுப்தான்சா எல்லாம் ஒரே கூட்டணி.

நாம் மாட்டிக்கொண்டது பெயரில். விமான கம்பெனியில் மைல் கணக்கு தொடங்கியபோது, ரேஷன் கார்டில் எழுதுகிற வழக்கப்படி இனிஷியல் போட்டுப் பெயர் கொடுத்திருந்தோம். பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முழுதாக விரிந்து நிற்கிறது. வங்கியில் இருப்பது வேறொரு விதம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு சீட்டு காலியாக இருப்பதைப் பார்த்து, பாயிண்டை மாற்றச் சொன்னோம். பெயர் பொருந்தவில்லை என்று நின்றுவிட்டது. பாஸ்போர்ட் நகல் அனுப்பி, போனில் ஆங்கிலம் பேசி, ஐந்தாம் நாள் மைல் வந்து சேர்ந்தபோது சீட்டு போய்விட்டது. மைலாக மாறிய பாயிண்ட் வங்கிக்குத் திரும்பாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மகளுக்கு நாள் நெருங்குகிறது. தினமும் கடை திறக்கும் முன் பார்த்து, பதினோரு நாள் தள்ளி ஒரே ஒரு சீட்டு அகப்பட்டது. அதை அம்மாளுக்குப் போட்டோம். அங்கத்தினர்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து மைல் கணக்கு தொடங்கி வைப்பது நல்லது. காசு ஒன்றும் கேட்பதில்லை.

சேர்த்து வைத்துக்கொண்டே போகலாம் என்றும் எண்ணக்கூடாது. இது விலையை எதிராளி நிர்ணயிக்கும் சரக்கு. ஒரு சீட்டுக்கு இத்தனை மைல் என்ற கணக்கை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் ஏற்றுவார்கள். கிரிஸ்பிளையர் மைலுக்கு மூன்று வருடம்தான் ஆயுள். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றபோது, அதற்கென்று மைல் சேர்த்தவர்கள் அந்த விமானத்தில் ஏற வழியில்லாமல் போனார்கள். விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு சேர்ந்தது. நல்லவேளை, பாயிண்டும் கூடவே போயிற்று.

பாயிண்டுக்காகக் கடன் வைப்பது இதைவிட மோசம். முழு பில்லையும் கெடு தேதியில் கட்டாதவருக்கு மாதம் மூன்றரை சதவீதத்தையொட்டி வட்டி விழுகிறது. வருடத்துக்கு நாற்பதைத் தாண்டும். நம் பஜாரில் எந்த மார்வாடியும் இந்த வட்டி கேட்டதில்லை. கையில் வரும் பாயிண்ட் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ.

அமெரிக்க நாணயச் சாலை ஒரு டாலர் நாணயத்தைத் தபால் செலவில்லாமல் கார்டுக்கு விற்றபோது, பலர் பெட்டி பெட்டியாக வாங்கி, அப்படியே வங்கியில் போட்டு கார்டு பாக்கியைக் கட்டி மைல் சேர்த்தார்கள். 2011 ஜூலையில் கார்டுக்கு விற்பதையே நிறுத்திவிட்டார்கள். நம் பக்கத்திலும் சரக்கில்லாமல் நண்பர் கடை இயந்திரத்தில் தேய்த்துப் பணத்தைச் சுற்றிவிட்ட ஒருவரை அறிவோம். வங்கி கார்டை ரத்து செய்தது, பாயிண்ட் அத்தனையும் போயிற்று. போகாத சரக்குக்கு விற்பனைக் கணக்கு காட்ட முடியாமல் நண்பருக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது. கார்டு பாக்கியாக வருடத்துக்கு 10 லட்சமோ அதற்கு மேலோ கட்டினால், ரொக்கமாக ஒரு லட்சமே கட்டினாலும், வங்கி வருமான வரி இலாகாவுக்குத் தெரிவித்துவிடும். கணக்கு எழுதுகிற ஆடிட்டருக்கு அது முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும்.

மளிகைக்கடை நண்பரிடம், "வீட்டுச் செலவு, இன்சூரன்ஸ், மகள் கல்யாணத்துக்கு வாங்கும் ஜவுளி எல்லாம் கார்டில் போடுங்க, நம்ம பில்லை மட்டும் யு.பி.ஐ.யில் அனுப்புங்க" என்றோம். சிரித்துக்கொண்டே அனுப்பினார். போகும்போது, "நீங்க அம்மாவோட முன்னாடி உட்கார்ந்தீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

இல்லை. நாம் பின்னால் 40-ஆம் வரிசைக்குச் சற்று முன்னே, நடு சீட்டில். பாதி வழியில் எல்லோரும் தூங்கிய நேரம், திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வீட்டம்மாள் மெல்ல நடந்து வந்தார். கையில் அங்கே கொடுத்த முந்திரிப் பொட்டலம். "கால் வலியே இல்லீங்க, கட்டில் மாதிரி நீளுது. நீங்க போய் ரெண்டு மணி நேரம் படுங்க, நான் இங்க இருக்கேன்" என்றார். பணிப்பெண்ணிடம் கேட்டுப் பார்த்தோம். டிக்கெட் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் என்று சொல்லிவிட்டார். முந்திரியை மட்டும் வாங்கிக்கொண்டோம்.