தொட்டுப் பார்த்து முடிவெடுக்கும் செல்கள்

ஒரு ஸ்டெம் செல் எலும்பாவதா, தசையாவதா என்பதை ஹார்மோன்களும் வளர்ச்சிக் காரணிகளுமே தீர்மானிக்கின்றன என்றுதான் நெடுங்காலம் பாடம் நடந்தது. செல் ஒட்டியிருக்கும் தளத்தின் கடினத்துக்கும் அதில் பங்குண்டு என்று 2006இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆடம் எங்லர், டென்னிஸ் டிஷர் குழு காட்டியது.

மனித எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்களைப் பாலிஅக்ரிலமைடு ஜெல்லின் மேல் வளர்த்தார்கள். மேற்பூச்சு ஒரே கொலாஜன், ஊட்டமும் ஒன்றே. மாற்றியது கடினத்தை மட்டும். இந்தச் சோதனையின் அழகே அதுதான். மூளை அளவுக்கு மென்மையான, கடினம் 1 கிலோபாஸ்கலுக்கு உட்பட்ட ஜெல்லில் செல்கள் நரம்புசெல் போலக் கிளைவிட்டன. 10 கிலோபாஸ்கலை ஒட்டித் தசையின் சாயல் வந்தது. 25 முதல் 40 வரை போனபோது எலும்புசெல்லுக்குரிய புரதங்கள் தோன்றின.

செல்லுக்கு இது எப்படித் தெரிகிறது? இழுத்துப் பார்க்கிறது. செல்லின் சவ்வைத் துளைத்து நிற்கும் இன்டெக்ரின் என்ற புரதம் வெளியே கொலாஜனைப் பற்றிக்கொள்கிறது. உள்ளே ஆக்டின் இழைகளை மயோசின் புரதம் இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவே டாலின் என்ற புரதம். தளம் இளகிக் கொடுத்தால் இழுவிசை ஏறுவதில்லை. கொடுக்காவிட்டால் டாலின் மடிப்பவிழ்ந்து, அதுவரை மறைந்திருந்த இடங்கள் வெளிப்படுகின்றன. வின்குலின் என்ற இன்னொரு புரதம் அங்கே வந்து ஒட்ட, பிடி இறுகுகிறது. வெறும் இழுப்பு வேதிச் செய்தியாக மாறும் இடம் இது. அந்தச் செய்தி மரபணுக்கள் வரை போகிறது: கடினத் தளத்தில் யாப் என்ற புரதம் உட்கருவுக்குள் நுழைந்து மரபணுக்களை இயக்குகிறது, மென்தளத்தில் வெளியிலேயே நின்றுவிடுகிறது என்று 2011இல் இத்தாலியின் பதுவா நகரில் ஸ்டெஃபானோ பிக்கோலோ குழு கண்டது.

தளத்தின் கடினம் செல்லை இப்படி மாற்றுமானால், மார்பகப் புற்றுக்கட்டி விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்படுவதை நோயின் விளைவு என்று மட்டும் பார்க்க இனி முடியாது. கடினமான ஜெல்லில் வைத்தால் இயல்பான மார்பகச் செல்களே ஒழுங்கு குலைகின்றன என்று வலேரி வீவரின் குழு 2005இல் காட்டியிருக்கிறது.

செல்களை வழக்கமாக வளர்க்கும் ஆய்வகப் பிளாஸ்டிக் தட்டோ தசையைவிட லட்சம் மடங்குக்கும் மேல் கடினமானது. அதில் வளர்ந்த செல் தரும் விடைகளை அப்படியே உடலுக்குப் பொருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. எலியின் தசை ஸ்டெம் செல்கள் அந்தத் தட்டில் தசையைப் புதுப்பிக்கும் திறனை விரைவிலேயே இழக்கின்றன. ஸ்டான்ஃபோர்டில் ஹெலன் பிளாவ் குழு 2010இல் அவற்றைத் தசையின் மென்மையுள்ள, 12 கிலோபாஸ்கல் ஜெல்லில் வளர்த்தது. எலிக்குள் திரும்பச் செலுத்தியபோது அவை புதிய தசையை உருவாக்கின.