ஏறும்போது ஹவாய்... இறங்கும்போது வார்ச்செருப்பு!

பொங்கல் கழிந்து பெரம்பலூரிலிருந்து பஸ் பிடித்து அரியலூரில் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே, "வாடி, நீயாவது இவனுக்குப் புத்தி சொல்லு" என்றாள்.

அக்கா மகன் ஆஸ்திரியாவில், இன்ஸ்புரூக் நகரத்தில் ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கிறான். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு பனிமலை ஏறி, கட்டைகளில் சறுக்கிக்கொண்டு இறங்குவானாம். லீவுக்கு வந்தவன் போட்டோவைக் காட்டிவிட்டான். சுண்ணாம்புக்கல் லாரியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது எதற்கு என்று அக்காவுக்கு வயிற்றைக் கலக்குகிறது.

"சித்தி, நீங்களாவது கேளுங்க" என்று பெட்டியிலிருந்து ஓர் உலோகச் சாமானை எடுத்தான். பூட்ஸைச் சறுக்குக் கட்டையோடு பிணைக்கும் பூட்டு. 'பைண்டிங்' என்கிறார்கள். சமையல்கட்டுத் தராசில் வைத்தேன். ஒரு காலுக்கானது 350 கிராம்தான்!

"ஏறும்போது குதிகால் எழும்பணும். இறங்கும்போது எழும்பவே கூடாது. அவ்வளவுதான் சித்தி."

எனக்குப் புரியவில்லை. என் ஹவாய் செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறச் சொன்னான். டப், டப் என்று குதிகால் தன்பாட்டுக்கு எழும்பியது. ஏற அது சுகம்தான். இறங்கும்போதோ கால் செருப்பில் நிற்காமல் நழுவுகிறது. பின்னால் ஒரு வார் இருந்தால் தேவலை என்று தோன்றியது. இந்தப் பூட்டு இரண்டு செருப்பின் வேலையையும் ஒன்றாகவே செய்கிறது.

முன்துண்டில் இரண்டு ஊசிகள். பூட்ஸ் நுனியின் இருபக்கக் குழிகளையும் அவை கவ்விக்கொள்ள, கதவுக் கீல் மாதிரி குதிகால் எழும்பித் தாழும். செங்குத்தான இடத்தில் குதிகாலுக்கு அடியில் ஒரு தாங்கியை நிமிர்த்திக்கொண்டால் கெண்டைக்கால் நோகாது. (ஹைஹீல்ஸுக்கு இப்படியும் ஓர் உபயோகம்!) கட்டையின் அடியில் ஒட்டும் துணியின் ரோமம் ஒரே பக்கமாகப் படிந்திருப்பதால் முன்னே வழுக்கும், பின்னே வராது. உச்சியில் துணியை உரித்துவிட்டு, பின்துண்டைத் திருப்பிக் குதிகாலை அழுத்தினால் 'கிளிக்'!

முன்பெல்லாம் பூட்ஸுக்கு அடியில் ஒரு முழுச் சட்டமே ஒவ்வொரு அடிக்கும் கூடவே எழும்புமாம். அந்தக் கனத்தைத் தூக்கிச் சலித்த ஆஸ்திரியாக்காரர் ஃபிரிட்ஸ் பார்தெல்தான் இந்த ஊசிப் பூட்டைக் கண்டுபிடித்து, 1984-ல் காப்புரிமை பெற்றார். இத்தாலியில் நடந்த 2026 குளிர்கால ஒலிம்பிக்கில் மலையேற்றப் பனிச்சறுக்கும் ஒரு போட்டியாகச் சேர்ந்தது.

"அதெல்லாம் சரி, விழுந்தா?" என்றாள் அக்கா.

ஆளின் எடை, உயரம், பூட்ஸின் நீளம், பழக்கம் இவற்றைப் பார்த்து ஓர் எண் வைக்கிறார்கள். அதற்கு மேல் கால் முறுக்கினால் பூட்டு தானே கழன்று எலும்பைக் காக்கும். "போன வருஷம் எனக்கே கழன்றுச்சும்மா, சிராய்ப்போட போச்சு" என்று உளறிவிட்டான்! அக்கா முறைத்த முறையில், "முட்டி ஜவ்வை எப்பவும் காப்பாத்தும்னு சொல்ல முடியாது" என்பதையும் சொல்லிவிட்டான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஏறும்போது பூட்ஸ் கழன்றுவிடாமலிருக்க முன்னாலுள்ள லீவரை மேலே இழுத்துப் பூட்டுவார்கள். இறங்குமுன் அதைத் தாழ்த்த வேண்டும்.

"மறந்துட்டா?"

பையன் கொஞ்சம் பேசாமல் இருந்தான். "மறந்தா, விழுந்தாலும் கழலாதும்மா."

ராத்திரி காஸ் ரெகுலேட்டரை மூடினோமா என்று இரண்டு தரம் எழுந்து பார்ப்பவள் என் அக்கா. போகாதே என்று சொல்லவில்லை. சாமானை மடியில் வைத்துக்கொண்டு லீவரை ஏற்றுவதும் இறக்குவதுமாகப் பழகினாள்.

ஊர் திரும்பியதும் மாமியாருக்குப் பின்வார் வைத்த செருப்பு வாங்கினேன். படி இறங்கும்போது முழங்காலில் உடல் எடையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் பாரம் விழுகிறது. அதில் கால் வேறு நழுவுவானேன்?

பையன் இன்ஸ்புரூக் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமையானால் அக்கா போன் போடுகிறாள். சாப்பிட்டியா என்பதற்கு முன்னால் வரும் கேள்வி: "இறங்கறதுக்கு முந்தி லீவரைத் தாழ்த்தினியாடா?"