கடல் நீரோட்டமும் குடியானவர் மழையும்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பிரதேசத்தில் மானாவாரிக் கேழ்வரகு பயிரிடும் குடியானவருக்கும் ஸமுத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சங்க அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். நந்தி மலைப் பகுதியில் உற்பத்தியாகும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணைகளைக் கடந்து கடலூருக்கருகில் வங்காள விரிகுடாவில் சேருகிறது. ஆற்று நீர் கடலுக்குச் செல்வது கண்ணுக்குத் தெரிகிறது. கடல் நீர் மழையாகத் திரும்பும் விதம் தெரிவதில்லை. அம்மழையின் அளவைப் பாதிப்பவற்றுள் கடலின் மேற்பரப்பில் ஓடும் நீரோட்டங்களும் சேரும்.

இந்நீரோட்டங்களைத் தள்ளும் பிரதான சக்தி காற்றேயாகும். பூமி சுழல்வதால் ஓடும் நீர் பூமத்திய ரேகைக்கு வடக்கே வலப்புறமும், தெற்கே இடப்புறமும் விலகுகிறது. கரைகள் அதைத் தடுத்துத் திருப்புகின்றன. ஆகையால் பசிபிக், அட்லாண்டிக் ஸமுத்திரங்களின் வடபாகத்தில் நீரானது கடிகார முள் செல்லும் திசையிலும், தென்பாகத்தில் அதற்கு எதிராகவும் செக்குமாடு போல் பெருவட்டமாகச் சுற்றுகிறது.

இந்தியாவைச் சூழ்ந்த கடலோ ஆண்டுக்கு இருமுறை திசை மாறுவது. தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்கால் இலங்கைக்குத் தெற்கே நீர் கிழக்கு நோக்கி ஓடும். பனிக்காலத்தில் மேற்கு நோக்கித் திரும்பும். ஐப்பசி, கார்த்திகையில் வங்காள விரிகுடாவின் நீர் தமிழ்நாட்டுக் கரையோரமாகத் தெற்கே இறங்கும்.

வெப்ப நீர் எங்கே குவிகிறதோ அங்கே மேகமும் மிகும். பசிபிக் ஸமுத்திரத்தில் கீழ்க்காற்று தளர்ந்து, மேற்கே குவிந்திருந்த வெப்ப நீர் கிழக்கே பரவும் நிலைமைக்கு எல் நினோ என்று பெயர். அது வலுத்த 2015-ஆம் ஆண்டில் தேசமெங்கும் தென்மேற்குப் பருவமழை சராசரியைவிட 14 சதவீதம் குறைந்தது. அவ்வாண்டிலேயே வடகிழக்குப் பருவத்தில் சென்னையும் கடலூரும் வெள்ளத்தால் வருந்தின. 1997-இல் எல் நினோ மிக வலுத்திருந்தும் தென்மேற்கு மழை பொய்க்கவில்லை. இந்து மகாஸமுத்திரத்தின் மேற்பாகம் அப்போது வழக்கத்தைவிட வெப்பமாயிருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்பர். ஆகவே ஒரே அறிகுறியைக் கொண்டு மழையைத் தீர்மானிப்பது தவறு.

இந்திய வானிலைத் துறை கடலின் நிலையை ஆராய்ந்து ஏப்ரலிலும், மே மாத இறுதியை ஒட்டியும் பருவமழை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அது விரிந்த பிரதேசங்களுக்கு உரியதேயன்றி ஒவ்வொரு கிராமத்துக்கும் உரியதன்று. எனினும் விதைப்புக் கடன் வழங்குமுன் அதைச் சங்கக் கூட்டத்தில் வாசித்தல் நலம். தென்மேற்கு மழை குறையுமென்று தோன்றினால், கடன் முழுவதையும் கேழ்வரகில் போடாமல் ஒரு பகுதியைப் புரட்டாசிக் கொள்ளு விதைப்புக்கு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு பருவம் பொய்த்தாலும் அடுத்த பருவம் கைகொடுக்க இடமுண்டு. கடனும் வட்டியோடு வளராது.