சங்கிலி ஏன் தேய்கிறது?
மாற்றியமைக்கப்பட்ட மோட்டார் சைக்கிளின் செலுத்துறுப்புகள் பற்றிய ஒரு நோக்கு

பொறியொன்றின் உறுப்புத் தேய்ந்துவிட்டால் அதனைக் கழற்றிப் புதியதொன்றைப் பூட்டுவதே பரிகாரம் என்பது பொதுவாக நிலவும் கருத்து. இக்கருத்து முற்றிலும் தவறானதன்று, ஆயின் குறைபாடுடையது. இயங்கும் பொறியில் எவ்வுறுப்பும் தனித்துத் தேய்வதில்லை. தேய்வு என்பது உறுப்புகளுக்கிடையேயுள்ள உறவின் விளைவு. இவ்வுண்மையைக் கரையோர மீன் வியாபாரிகள் பயன்படுத்தும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே எமது நோக்கமாகும்.

குருநகர், பாசையூர் முதலிய இறங்குதுறைகளில் அதிகாலையில் மீனை வாங்கி உட்கிராமங்களுக்குக் கொண்டு செல்லும் வியாபாரி, தொழிற்சாலை வகுத்த நிலையிலேயே தமது வண்டியைப் பயன்படுத்துவதில்லை. பின்னிருக்கையில் ஓர் ஆள் ஏறவேண்டிய இடத்தில் ஐஸ் நிறைந்த பெட்டி ஏறுகிறது. அப்பாரத்தை இழுப்பதற்காகப் பற்சில்லுகள் மாற்றப்படுகின்றன. 2020 மார்ச்சில் விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை 2025இலேயே தளர்த்தப்பட்டமையால், இடைப்பட்ட ஆண்டுகளிற் பழைய வண்டிகளைத் திருத்தியோட்டுவதன்றி வேறு வழியும் இருக்கவில்லை. இத்தகைய வண்டியிற் சங்கிலி அறுந்தால் அன்றைய மீன் மட்டுமன்று, அன்றைய வருமானமும் பழுதாகின்றது.

இன்று வழக்கிலுள்ள உருளைச் சங்கிலியை 1880இல் மான்செஸ்டரில் உருவாக்கியவர் ஹான்ஸ் ரெனோல்ட் என்பவராவார். தகடு, முளை, முளையைச் சூழ்ந்த புஷ், புஷ்ஷின் மேற் சுழலும் உருளை என்பன அதன் உறுப்புகள். பழைய சங்கிலி “இழுபட்டு நீண்டுவிட்டது” என்று நாம் கூறுவது வழக்கம். உண்மையில் தகடு குறிப்பிடத்தக்க அளவில் நீள்வதில்லை. முளையும் புஷ்ஷும் ஒன்றையொன்று உராய்ந்து தேய, ஒவ்வொரு கண்ணியிலும் மிகச் சிறிய இடைவெளி உண்டாகிறது. நூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகளின் இடைவெளிகள் ஒன்றுசேரும்போது அது நீளமாகத் தோற்றுகிறது. தோற்றம் நீட்சி, உள்ளியல்போ தேய்வு.

இதனை அளந்தறிவது கடினமன்று. சிறிய மோட்டார் சைக்கிள்களிற் பெரும்பாலும் காணப்படும் 428 இலக்கச் சங்கிலியில் அடுத்தடுத்த இரு முளைகளுக்கிடையே உள்ள தூரம் 12.7 மில்லிமீற்றர், அதாவது அரை அங்குலம். ஆகவே சங்கிலியை இறுக்கிப் பிடித்து 21 முளைகளை எண்ணி, முதல் முளையின் நடுவிலிருந்து இறுதி முளையின் நடுவரை அளந்தால், புதிய சங்கிலி 254 மில்லிமீற்றர் காட்டும். 259ஐ எட்டினால் தேய்வு 2 சதவீதமாகும். அச்சங்கிலியை நீக்கிவிடல் வேண்டும். தேய்வு எங்கும் ஒரே சீராக இராதாதலால் மூன்று நான்கு இடங்களில் அளத்தல் நன்று.

கண்ணிகளின் இடைவெளி கூடிய சங்கிலி பற்சில்லின் அடிப்பள்ளத்தில் அமராது பற்களின் மேல் ஏறி நிற்கிறது. பல பற்கள் பகிரவேண்டிய சுமையைச் சில பற்களே தாங்க நேர்கிறது. அவை ஒரு பக்கம் சாய்ந்து கொக்கிபோல் வளைகின்றன. இந்நிலையிற் சங்கிலியை மட்டும் புதிதாக மாற்றினால், வளைந்த பற்கள் புதிய சங்கிலியை விரைவில் தேய்த்துவிடும். பற்சில்லை மட்டும் மாற்றினால் பழைய சங்கிலி புதிய பற்களை அழிக்கும். சங்கிலி, முன் பற்சில்லு, பின் பற்சில்லு ஆகிய மூன்றையும் ஒருசேர மாற்றவேண்டும் என்று கராஜ் தொழிலாளர் வற்புறுத்துவதன் நியாயம் இதுவே. முன் பற்சில்லில் 14 பற்களும் பின்னதில் 42 பற்களும் இருப்பின், பின் பல்லொன்று ஒருமுறை சுமை தாங்கும் காலத்தில் முன் பல்லொன்று மும்முறை தாங்குகிறது. முதலில் அழிவது முன்னது. ஆனால் அது மூடிக்குள் மறைந்திருப்பதாற் பலரது கண்ணிற் படுவதில்லை.

இனி மாற்றியமைப்பின் விளைவை நோக்குவோம். முன்னே 15, பின்னே 42 பற்கள் கொண்ட வண்டியின் சுற்று விகிதம் 2.8 ஆகும். இழுவையைக் கூட்டுவதற்கு அதனை 3.0 ஆக்க இரு வழிகள் உண்டு. முன் பற்சில்லை 14 ஆகக் குறைப்பது ஒன்று; பின் பற்சில்லை 45 ஆக உயர்த்துவது மற்றொன்று. இரண்டிலும் பின்சில்லு பெறும் இழுவை ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. ஆயின் முதல் வழியில், எஞ்சினின் அதே முறுக்குவிசை சிறிய ஆரையிற் செயற்படுவதாற் சங்கிலியின் இழுவிசையும் 7 சதவீதம் உயர்கிறது. கண்ணிகள் கூடிய கோணத்தில் மடியவும் நேர்கிறது. இரண்டாவது வழியிற் சங்கிலியின் மேற் கூடுதற் சுமை விழுவதில்லை. சில வேளை சங்கிலியில் இரு கண்ணிகள் கூட்டவேண்டி வரலாம். முன் பற்சில்லு விலை குறைந்தது என்பதால் முதல் வழியே பெரிதும் கைக்கொள்ளப்படுகிறது. வாங்கும்போது மிச்சமாகும் பணம் தேய்வின்போது செலவாகின்றது.

சங்கிலியின் தொய்வு சிறிய வண்டிகளிற் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை இருக்கும். அவ்வவ் வண்டியின் கையேடு கூறுவதே முடிவான அளவு. ஆனால் அவ்வளவு வழமையான பாரத்தை எண்ணி வகுக்கப்பட்டது. பெட்டி ஏறியதும் பின்சில்லு மேலெழ, முன் பற்சில்லின் மையம், சுவிங் ஆம் பொருந்திய அச்சு, பின்சில்லின் அச்சு ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டிற்கு வருகின்றன. அப்பொழுதே இரு பற்சில்லுகளுக்கிடையேயுள்ள தூரம் மிகக் கூடியது. சங்கிலியும் மிக இறுக்கமானது. வெறும் வண்டியிற் சரியாகத் தோன்றிய சங்கிலி, பாரத்தின் கீழ் கியர்ப்பெட்டியின் பெயரிங்கையே இழுத்துச் சிதைக்கலாம். ஆகவே பாரமேற்றிய நிலையிலும் தொய்வு சிறிதேனும் எஞ்சுகிறதா எனப் பார்த்தல் இன்றியமையாதது.

இவற்றோடு உப்புநீரும் சேர்கிறது. உருகும் ஐஸ் மீனின் உப்பைக் கரைத்துக்கொண்டு பெட்டியின் துளைவழியே சங்கிலியின் மேற் சொட்டுகிறது. எண்ணெய் கழுவப்படுகிறது, துரு பிடிக்கிறது, கண்ணிகள் மடங்காது விறைக்கின்றன. பொறியின் தேய்வில் பயன்பாட்டால் வருவதும் பயன்படாமையால் வருவதும் என இருவகை உண்டென ‘மூலதனம்’ முதற் பாகத்தில் (1867) மார்க்ஸ் பிரித்துக் காட்டினார். மீன் வண்டியின் சங்கிலியோ பகலில் ஓடித் தேய்கிறது. இரவில் நின்று துருப்பிடிக்கிறது.

குறிகளைக் கொண்டு குறையை வேறுபடுத்தி அறியலாம். ஏற்றத்தில் எஞ்சின் இரைந்து வேகம் கூடாமல், அதிர்வுமின்றி இருந்தால் தேய்ந்தது கிளச் ஆகும். ‘கடக்’ என்ற ஓசையுடன் வண்டி உதறினாற் சங்கிலி பற்களைத் தாண்டுகிறது. வேகத்தைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் இடிப்பது போன்ற ஓசை எழுந்தாற் பின் ஹப்பிலுள்ள றப்பர்களைச் சோதித்தல் வேண்டும். பற்களின் ஒரு பக்கம் மட்டும் பளபளத்திருந்தாற் பின்சில்லு கோணியுள்ளது. நூல் பிடித்து நேராக்கலாம்.

திருத்தும் முறை பின்வருமாறு: எஞ்சினை நிறுத்தியே சங்கிலியைத் தொடுதல் வேண்டும், ஓடும் சங்கிலி விரலைப் பறித்துவிடும். மூன்று உறுப்புகளையும் ஒருங்கே மாற்றுக. இணைப்புக் கண்ணியின் கிளிப்பைப் பூட்டும்போது அதன் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருக்கட்டும். நாள்தோறும் தொழில் முடிந்ததும் நன்னீரால் உப்பைக் கழுவி, உலர்த்தி, கியர் எண்ணெய் இடுக. எல்லாவற்றிலும் முதன்மையாக, பெட்டியின் துளைக்கு ஒரு றப்பர்க் குழாயைப் பொருத்தி நீரைச் சங்கிலிக்கு அப்பால் விழச் செய்க. இது செய்யப்படாவிடின் எத்தனை புதிய சங்கிலி பூட்டினும் அத்தனையும் துருவுக்கே இரையாகும்.

தேய்ந்த உறுப்பிலேயே காரணத்தைத் தேடுபவர் சங்கிலியைக் குறைகூறுவார். உறவுகளை நோக்குபவரோ பாரத்தையும் பற்சில்லையும் பெட்டியின் துளையையும் காண்பார். கராஜில் நிற்கும் அனுபவமிக்க தொழிலாளி பல வேளைகளில் இவ்வாறே நோக்குகிறார். அவரது அறிவு எழுத்திற் பதியப்படாததால் அறிவாகவே கொள்ளப்படுவதில்லை. மாதத் தவணையில் வாழும் வியாபாரிக்கு மூன்று உறுப்புகளையும் ஒரே நாளில் வாங்கப் பணமில்லை என்பதும் மெய்யே. அதனாலேயே அவர் ஒவ்வொன்றாக மாற்றி, வசதி படைத்தவரிலும் கூடுதலாகச் செலவிடுகிறார். கிராமியக் கடற்றொழிற் சங்கங்கள் இவ்வுறுப்புகளை மொத்தமாகத் தருவித்துத் தவணையில் வழங்கினால், அச்செலவு வியாபாரியின் தோளிலிருந்து ஓரளவேனும் இறங்கும்.