நூலகர் பணியும் கற்றுத் தேறும் தொழிலே

பினாங்கில் பாயான் பாருவை அடுத்துள்ளது, 1972இல் தொடங்கப்பெற்ற பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை. வேலை என்றதும் தோட்டப்புறப் பிள்ளைகள் பலர் அதையே எண்ணுகின்றனர். நூலகர் பணியை எண்ணுவோர் சிலரே. புத்தகத்திற்குக் காவல் இருப்பதுதானே என்பர் பெற்றோர்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதனுக்கும் முதலில் அப்பணி கசந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். சில நாட்களிலேயே சலிப்புற்று, மீண்டும் வகுப்பறைக்கே அனுப்புமாறு கல்லூரி முதல்வரிடம் மன்றாடினார். முதலில் இங்கிலாந்து சென்று பயின்று வருக, பிறகு பார்ப்போம் என்றார் முதல்வர். ஆங்கே பொது நூலகங்கள் எளிய மக்களுக்கும் சிறுவர்க்கும் பயன்படுவதைக் கண்டார், மனம் மாறிற்று. திரும்பி வந்தவர் 1944 வரை அப்பதவியில் நிலைத்தார்.

1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் ஒன்றை அவரே தொடங்கிவைத்தார். நூல்கள் வண்டியேறிச் சிற்றூர்களைத் தேடிச் சென்றன. (நம் தோட்டத்து லயங்களுக்கும் பொருந்திய ஏற்பாடு அன்றோ!)

நூல்களைப் பொருள்வாரியாகப் பகுப்பதும், கேட்டதை நொடியில் எடுத்துத் தருவதும் பயிற்சியால் வருவன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் முதுகலைப் படிப்பு 1987இல் தொடங்கிற்று. ஆர்வமுள்ள பிள்ளையை அருகிலுள்ள பொது நூலகத்திற்கு அழைத்துச் சென்று, படிப்பு விவரங்களை அங்குள்ள நூலகரிடமே கேட்டறியலாம்.