கையை எடுத்ததும் ஓவன் அணைவது ஏன்?

திருமயம் கோட்டையடியில் டீக்கடை அடுப்பு அணைந்தால் கண்ணுக்குத் தெரியும். மூடிய ஓவனுக்குள் அணைந்தால்? கேஸ் தேங்கி வெடிக்கலாம். அதைத் தடுக்கவே பழைய கேஸ் ஓவன்கள் பலவற்றில் தீயருகே ‘தெர்மோகப்பிள்’ நீட்டிக்கொண்டிருக்கும்.

எப்படி? இருவேறு உலோகங்கள் இணையும் முனை சூடேறினால் சிறு மின்னழுத்தம் பிறக்கும். 1821இல் சீபெக் கண்ட விளைவு இது. கிடைப்பது சில பத்து மில்லிவோல்ட்தான். ஆனாலும் மின்காந்தம் வால்வைத் திறந்தே பிடித்திருக்க அது போதும். தீ அணைந்தால் முனை ஆறும், வால்வு மூடிக்கொள்ளும்.

பற்றவைக்கும்போது முனை சூடேறும்வரை வால்வைத் திறந்து பிடிப்பது நாம் அழுத்தும் குமிழ்தான். அதை அழுத்தியிருக்கும்வரை எரிந்து, விட்டதும் அணைகிறதா? சிலிண்டரை மூடி, ஓவன் ஆறியபின் முனையில் படிந்த கரியைத் துடையுங்கள். முனை தீயில் படும்படி நிற்கிறதா என்றும் பாருங்கள். அப்படியும் அணைந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் தெர்மோகப்பிளை மாற்றுங்கள். குமிழைக் கட்டிவைத்து எரிக்கவே கூடாது. கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே போய் 1906ஐ அழையுங்கள்.