நாற்காலியை விட்டார், மசோதாவை விடவில்லை

ஸ்ரீ கெம்பாங்கானில் வசிக்கும் நமக்குச் சட்டமன்ற உறுப்பினர் என்றதும் நினைவுக்கு வருவது அடைத்துக்கொண்ட கால்வாயும் எரியாத தெருவிளக்கும்தான். ஆனால், அப்பதவியின் பெயரிலேயே 'சட்டம்' இருக்கிறதே! ஒரு சட்டத்தைக் கொண்டுவர ஓர் உறுப்பினர் எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். தமிழ்ப்பள்ளி நாள்களில் அவரை ஒரு மருத்துவராக மட்டுமே நான் அறிந்திருந்தேன்.

1886-ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தவர் அவர். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் சிறப்பு அனுமதி பெற்றுப் படித்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

சென்னை மாகாணத்தில் 1921-இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. 1926 தேர்தலில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்யாய் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அதன்பின் முத்துலட்சுமி நியமன உறுப்பினராகச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். 1927-இல் ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தை ஒழிப்பதே அவர் எடுத்துக்கொண்ட பெரும்பணி. இதில் ஒரு சிக்கல் இருந்தது. கோயில் ஊழியத்திற்கு ஈடாகத் தேவதாசிகளுக்கு மானிய நிலம் உண்டு. ஊழியம் நின்றால் நிலமும் போகும். ஆகவே, நிலத்தைக் காக்க மகளுக்கும் பொட்டுக்கட்ட வேண்டிய நிலை. வெறும் தடைச்சட்டம் அக்குடும்பங்களைத் தெருவில் நிறுத்திவிடும். எனவே, ஊழியம் செய்யாமலேயே நிலம் அப்பெண்களுக்குச் சொந்தமாக இருக்க வழிசெய்யும் திருத்தம் 1929-இல் அவரது முயற்சியால் நிறைவேறியது. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதா அடுத்து வந்தது. முதலில் வாழ வழி, பிறகு தடை. இந்த வரிசைதான் என்னை மிகவும் கவர்ந்தது.

எதிர்ப்பு பழமைவாதிகளிடமிருந்து மட்டும் வரவில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற தேவதாசிகளே எதிர்த்தனர். தங்கள் அனைவரையும் விலைமகளிர் என்று முத்திரை குத்துவது அநீதி என்றும், கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என்றும் வாதிட்டனர். அந்தக் குரலையும் நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மறுபுறம், அதே மரபில் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஒழிப்புக்காகத் தீவிரமாகப் போராடினார்.

1930-இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவி விலகினார். மசோதா அப்போது சட்டமாகியிருக்கவில்லை. பதவி போனதோடு பணி முடிந்ததா? இல்லை. ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். 17 ஆண்டுகள் கழித்து, 1947-இல், பொட்டுக்கட்டுத் தடைச்சட்டம் நிறைவேறியது. புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த அவர் எழுப்பிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் செயல்படத் தொடங்கியது. 1968-இல் அவர் மறைந்தார்.

மன்றத்தில் அவர் அமர்ந்திருந்தது சுமார் மூன்றரை ஆண்டுகளே. ஆனால், அங்கே தொடங்கியதை அவர் வெளியே வந்தும் கைவிடவில்லை.

2021 டிசம்பர் முதல் நம் நாட்டில் 18 வயதிலேயே வாக்களிக்கலாம். நம்மில் பெரும்பாலோர் இப்போது வாக்காளர்கள். அடுத்த முறை வேட்பாளர் வாசலுக்கு வரும்போது கால்வாயைப் பற்றிக் கேட்போம், தவறில்லை. கூடவே, "நீங்கள் எந்தச் சட்டத்துக்காகப் பேசுவீர்கள்?" என்றும் கேட்போமே!